கட்டியவர் ஒருவர், குடியிருப்பவர் பலர்

(உழவர்களும் தாவரவியல், பூச்சியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைக்குழந்தைக்கு உரைமருந்து புகட்டும் வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். வசம்பு, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றோடு மாசிக்காயையும் கல்லில் உரைத்துச் சங்கில் புகட்டியிருப்பார்கள். அப்படியென்றால், பேசத் தெரியாத வயதிலேயே நீங்கள் ஒரு குளவியின் வீட்டைச் சுவைத்திருக்கிறீர்கள். மாசிக்காய் எந்தப் பூவிலிருந்தும் காய்த்ததல்ல. துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து மலைகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் மொட்டில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு குளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுவைச் சுற்றி மரம் தன் சதையையே உருண்டையாகத் திரட்டிக் கொடுக்கிறது. அந்த உருண்டைதான் காய்ந்து கடைக்கு வருகிறது. அதன் எடையில் பாதிக்கு மேல் டானின் என்னும் துவர்ப்புப் பொருள். அதை இரும்பு உப்போடு கலந்து செய்த கறுப்பு மையில்தான் ஐரோப்பா பல நூற்றாண்டுக் காலம் எழுதிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை நாட்டு மருந்துக் கடைக்குப் போகும்போது ஒரு கைப்பிடி மாசிக்காய் வாங்கித் தட்டில் கொட்டிப் பாருங்கள். சிலவற்றில் துளையே இராது. உள்ளே இருப்பது வெளியேறும் முன்பே பறித்தவை அவை. துவர்ப்பும் அதிகம், வணிகர்களிடம் மதிப்பும் அதிகம். சிலவற்றில் சுத்தமான வட்டத் துளை ஒன்று தெரியும். அந்தத் துளையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது யார்?

வீட்டைக் கட்டிய குளவியின் பிள்ளை என்பதுதான் உடனே தோன்றும் பதில். பல நேரம் அது சரியான பதிலும்கூட. ஆனால், ஓக், ரோஜா என்று பல செடிகளிலிருந்து இத்தகைய உருண்டைகளைப் பறித்துவந்து, கண்ணாடிச் சீசாவில் போட்டுத் துணியால் மூடிக் காத்திருந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. கட்டியவர் வருவார் என்று பார்த்திருந்த சீசாவில் வேறு யாரோ பறந்துகொண்டிருந்தார்கள். அந்த வேறு யாரோவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செடியில் இப்படிப் புடைத்து வளர்வதைக் கழலை என்றே இந்த உரை முழுவதும் சொல்லிக்கொண்டு போகிறேன். கழலைகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். புங்க இலையில் விரல்விரலாக நிற்பவை கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. மாவிலையில் பொட்டுப்பொட்டாகப் புடைத்திருப்பவை கொசுவைப் போன்ற சிறு ஈயின் வேலை. ஓக் மரங்களிலும் ரோஜா இனங்களிலும் இதைச் செய்வதில் தேர்ந்தவை கழலைக் குளவிகள். அந்த ஒரு குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 1,400 இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய மரத்தில், தனக்குரிய இடத்தில், தனக்கே உரிய வடிவத்தில் கழலையை வரவழைக்கிறது. ஒரே மரத்தின் ஒரே இலையில் ஒரு குளவி பச்சைப் பட்டாணி வடிவத்தையும் இன்னொரு குளவி தட்டையான பொத்தான் வடிவத்தையும் எழுப்ப முடிகிறது. மரம் ஒன்றுதான், ஆணை வேறு. அந்த ஆணை புழுவின் சுரப்புகளில் இருக்கிறது.

கழலையை வெட்டிப் பார்த்தால் நடுவில் புழு இருக்கும் அறை. அறையின் உட்சுவரில் மாவும் புரதமும் கொழுப்பும் நிறைந்த மென்மையான திசு. புழு அதைத்தான் மேய்கிறது. மேய மேய மரம் சுரந்து நிரப்புகிறது. அதற்கு வெளியே கடினமான ஓடு. அதற்கும் வெளியே துவர்ப்பேறிய சதை. சோறும் சுவரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வெயில் இல்லை, காற்று இல்லை, பறவையின் கண் இல்லை. இப்படி ஓர் இடம் இருந்தால், அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும். தெருவுக்கு ஒரே வாசல், நடுவில் ஒரு முற்றம், உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள். கழலையின் உள்ளும் அப்படித்தான் பல குடித்தனங்கள் இருக்கின்றன. இவர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகைக்கு வேண்டியது கழலையின் சதை மட்டும். வீட்டுக்காரரின் மேல் அவர்களுக்குப் பகையில்லை. இவர்களை ஒண்டுக் குளவிகள் என்று சொல்கிறேன். இரண்டாம் வகைக்கு வேண்டியது உள்ளே இருக்கும் புழு. இவை ஒட்டுண்ணிக் குளவிகள். புழுவின் மேலோ உள்ளோ முட்டையிட்டு, அதைத் தின்றே வளர்பவை.

ஒண்டுக் குளவிகளில் நன்கு ஆராயப்பட்டது சினெர்கஸ் என்னும் பேரினம். இதற்கு வினோதமான ஓர் இயலாமை உண்டு. வெறும் மொட்டையோ இலையையோ கொடுத்தால் இதனால் கழலையைத் தொடங்க முடியாது. ஆனால் இன்னொரு குளவி தொடங்கிவைத்த கழலைக்குள் முட்டையிட்டுவிட்டால், அதன் புழு தன்னைச் சுற்றிச் சத்துள்ள திசுவை வரவழைத்துத் தனக்கென ஒரு சிற்றறையைக் கட்டிக்கொள்ளும். வீடு கட்டத் தெரியாது. கட்டிய வீட்டில் தடுப்பு எழுப்பத் தெரியும். சில சினெர்கஸ் இனங்கள் கழலையின் வெளிச்சதையிலேயே அறை போட்டுக்கொள்கின்றன. அப்போது வீட்டுக்காரப் புழுவும் பிழைக்கும், குடிவந்ததும் பிழைக்கும். வேறு சில நடு அறையையே பிடித்துக்கொள்கின்றன. வீட்டுக்காரப் புழு நெருக்குண்டோ பட்டினி கிடந்தோ செத்துப்போகிறது. பகையில்லை என்று சற்று முன் சொன்னேன். பகையில்லாமலே உயிர் போகும் இடங்களும் இயற்கையில் உண்டு.

ஐரோப்பிய ஓக்கில் கோலிக்குண்டு வடிவில் வரும் ஒரு கழலையில் இதை வெளியிலிருந்தே ஓரளவு படிக்கலாம். பெரிய துளை ஒன்று மட்டும் இருந்தால், கட்டிய குளவியே வளர்ந்து வெளியேறியிருக்கிறது. சின்னச் சின்னத் துளைகள் பல இருந்தால், குடிவந்தவர்கள் வெளியேறியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது.

காட்டு ரோஜாவில் இன்னும் செறிவான குடித்தனம் ஒன்று இருக்கிறது. டிப்ளோலெபிஸ் ரோசே என்னும் குளவி ரோஜாவின் மொட்டில் முட்டைகளை இட, பாசிபோலச் சிவந்த இழைகள் மூடிய ஒரு பெரிய உருண்டை அங்கே எழுகிறது. உள்ளே ஒன்றல்ல, பல அறைகள். பெரியவற்றில் அறுபது வரைகூட இருக்கும். பெரிக்லிஸ்டஸ் என்னும் ஒண்டுக் குளவி அங்கே வந்து தன் பங்குக்கு அறைகளைச் சேர்க்கிறது. ஆர்த்தோபெல்மா என்னும் ஒட்டுண்ணி வீட்டுக்காரரின் புழுவைத் தின்ன வருகிறது. கேனாகிஸ் என்னும் இன்னொரு ஒட்டுண்ணி வீட்டுக்காரரைத் தொடுவதே இல்லை. அதற்கு வேண்டியது குடிவந்த பெரிக்லிஸ்டஸ். யூரிடோமா வகைக் குளவிகளில் சில ஓர் அறையில் இருப்பதைத் தின்று முடித்து, சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். வழியில் கழலையின் சதையையும் உண்ணும். இந்த உருண்டை முழுவதும் ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு காட்டில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று படம் வரைவோமே, அந்தப் படம் முழுவதும் ஒரு ரோஜாக் கிளையில் தொங்குகிறது. வட அமெரிக்காவின் ரோஜாக்களில் பெரிக்லிஸ்டஸின் உறவு ஒன்று இன்னும் கடுமையானது. முட்டையிட வரும் தாயே தன் ஊசியால் வீட்டுக்காரப் புழுவைக் குத்திக் கொன்றுவிட்டுத்தான் முட்டையிடுகிறது. கட்டியவர் இறந்த பிறகும் கழலை வளர்வது நிற்பதில்லை. குடிவந்த புழுக்களின் ஆணையில் அது இன்னும் பெருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இணையான காட்சி அத்திமரத்தில் இருக்கிறது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று பழமொழி சொல்கிறோம். உள்ளே இருப்பது சொத்தை அல்ல. செரடோசோலன் என்னும் சிறு குளவி காயின் கண்வழியே நுழைந்து, உள்ளே இருக்கும் நுண்பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, சில பூக்களின் சூலில் முட்டையிடுகிறது. முட்டை விழுந்த பூ விதையாகாமல் கழலையாகிறது. இந்தக் கழலைகளைத் தேடி, காயின் வெளிப்பக்கத்தில் வந்து அமர்கிறது அபோக்ரிப்டா என்னும் ஒட்டுண்ணிக் குளவி. கடினமான காய்ச்சுவரைத் துளைத்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கழலையைத் தன் மெல்லிய ஊசியால் எட்டிப் பிடிக்கிறது. தலைமயிரைவிட மெல்லிய ஓர் ஊசி முறியாமல் எப்படி அந்தச் சுவரைத் துளைக்கிறது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். அந்த ஊசியின் நுனியில் துத்தநாகம் செறிந்து கெட்டிப்பட்டிருக்கிறது. நுனியில் பற்களும் இருக்கின்றன. நம் கிராமத்து ஓடைக்கரை அத்தியில் நடக்கும் வேலை இது. இதற்காக நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

குடிவருபவர்களும் கொல்ல வருபவர்களும் இவ்வளவு பேர் என்றால், வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கழலைகளின் விசித்திர வடிவங்களுக்கு இதுவே ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். முள், மயிர், பிசுபிசுப்பு, தடித்த சுவர் என்று ஒவ்வொன்றும் எதிரியின் ஊசியைத் தடுக்கிறது. வட அமெரிக்க ஓக் கழலைகள் சிலவற்றில் புழுவின் சிறு அறை நடுவில் நிற்க, அதைச் சுற்றி வெற்றிடமும் மெல்லிய நார்களும்தான் இருக்கின்றன. ஊசி சுவரைத் துளைத்தாலும் அறையை எட்டாது. கலிபோர்னியாவில் டிஸ்ஹோல்காஸ்பிஸ் குளவியின் கழலை இனிப்பு நீரைக் கசியவிடுகிறது. அதைக் குடிக்க எறும்புகள் வந்து கூடுகின்றன. எறும்பு நடமாடும் கழலையில் ஒட்டுண்ணி உட்கார முடிவதில்லை. ஆகவே ஒட்டுண்ணிக்கு வாய்ப்பு உள்ள நாட்கள் சிலவே. கழலை இளசாக, சுவர் மெல்லியதாக இருக்கும்போது வந்து குத்திவிட வேண்டும். தவறினால் அந்த ஆண்டு போயிற்று. இந்தக் காலக்கணக்கை நினைவில் வையுங்கள். வயலுக்கு வரும்போது இது தேவைப்படும்.

கழலைக்குள் இருப்பவர் யார் என்ற கேள்வியில் மனிதர்கள் தடுமாறிய கதையும் நீண்டது. இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்தே வருகிறது என்று 1668-இல் சோதனை செய்து காட்டியவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி. அப்படிப்பட்டவரே கழலையைப் பார்த்தபோது தயங்கினார். செடியின் உயிராற்றலே உள்ளே அந்தப் பூச்சியைப் பிறப்பிக்கிறது என்று எழுதினார். வெளியே துளையில்லை, உள்ளே புழு இருக்கிறது, வேறென்ன சொல்வது? பொலோனியாவைச் சேர்ந்த மார்செல்லோ மால்பிகி பொறுமையாகக் கழலைகளை இளம்பருவம் முதல் அறுத்துப் பார்த்து, பூச்சி முட்டையிடுவதிலிருந்துதான் கழலை எழுகிறது என்று 1679-இல் எழுதிக் காட்டினார். ரெடியிடம் அறிவுக் குறைவு இல்லை. கழலை அவ்வளவு நன்றாக மூடிவைக்கிறது.

ஒண்டுக் குளவி எது, கட்டும் குளவி எது என்ற கோட்டையும் இயற்கை அழுத்தமாகப் போடவில்லை. சினோஃப்ரஸ் என்னும் பேரினம் பிறருடைய கழலையை இளமையிலேயே பிடித்து, அடையாளமே தெரியாதபடி தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். அதனால் அதுவே கட்டியதென்று நெடுங்காலம் எண்ணினார்கள். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு நேர்மாறான ஒன்றை அறிவித்தார்கள். ஒண்டுப் பேரினமாகவே அறியப்பட்ட சினெர்கஸில் ஓர் இனம், ஓக் கொட்டைக்குள் யார் உதவியும் இல்லாமல் தானே கழலையைத் தொடங்குகிறது. சினெர்கஸ் இடோயென்சிஸ் என்பது அதன் பெயர். எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு மிகவும் பிடிக்கும். குடும்பப் பெயரைப் பார்த்து ஓர் உயிரின் தொழிலை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி, கேட்பவர் மனத்தைச் சற்று உலுக்கும் ஒரு குளவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கில் வளரும் ஓக் மரங்களின் இளங்கிளைகளில் பாஸெட்டியா பாலிடா என்னும் கழலைக் குளவி அறைகளை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய புடைப்பு தெரியாது. அறை தண்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். வளர்ந்த குளவி மரப்பட்டையைக் கடித்து வட்டத் துளை போட்டு வெளியே பறந்துவிட வேண்டும். ஆனால் சில துளைகளில் குளவியின் தலை மட்டும் அடைப்பானைப் போலச் சிக்கி நிற்பதை ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஈகன் கவனித்தார். அவரும் கெல்லி வீனர்ஸ்மித்தும் மற்ற ஆய்வாளர்களும் அந்தத் தண்டுகளைப் பிளந்து பார்த்தபோது, சிக்கிய குளவியின் உடலுக்குள் வேறொரு குளவியின் புழு இருந்தது. யூடெரஸ் செட் என்று 2017-இல் அதற்குப் பெயரிட்டார்கள். சகோதரன் ஒசிரிஸைப் பெட்டிக்குள் அடைத்துக் கொன்றதாக எகிப்தியக் கதை சொல்லும் செட் என்ற தெய்வத்தின் பெயர் அது.

நடப்பது இதுதான். யூடெரஸ் செட் குடிபுகுந்த கழலைக் குளவி, வழக்கமாகப் போடும் துளையைவிடச் சிறிய துளையைப் போடுகிறது. பிறகு அந்தத் துளையில் தன் தலையாலேயே அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் யூடெரஸ் அதன் உடலைத் தின்று வளர்ந்து, கடைசியில் அதன் தலையைக் கடித்துத் துளைத்து வெளியேறுகிறது. தன்னால் மரப்பட்டையை எளிதில் கடிக்க முடியாத ஓர் உயிர், கடிக்கத் தெரிந்த உயிரைக் கொண்டு வழி செய்துகொள்கிறது. அந்தத் தலையின் மேல் மரப்பட்டைத் துண்டு ஒன்றை ஒட்டி மூடிப் பார்த்தார்கள். மூடப்பட்ட அறைகளில் யூடெரஸ் வெளியே வர முடியாமல் சாவது ஏறத்தாழ மூன்று மடங்கு கூடியது. அதாவது, கழலைக் குளவி துளை போட்டுக் கொடுப்பது அதற்கு உயிர்த்தேவை. கழலைக் குளவியின் நடத்தையை இது எந்த வேதிப்பொருளால் அல்லது எந்த அழுத்தத்தால் மாற்றுகிறது என்பது ஆய்வில் இருக்கிறது. பிறகு வந்த ஆய்வுகள், இது பாஸெட்டியாவோடு நிற்கவில்லை, வேறு பல கழலைக் குளவிகளையும் இப்படியே ஆட்டிவைக்கிறது என்று காட்டின. ஈகன் பார்த்த மரங்கள் ஆள் நடமாட்டமில்லாத காட்டில் இல்லை. மக்கள் விடுமுறைக்குப் போகும் கடற்கரை அது. எத்தனையோ பேர் தொட்டுக் கடந்துபோன கிளையில் இது நடந்துகொண்டிருந்தது.

இதுவரை சொன்னதை வியப்பாக மட்டும் கேட்டிருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆண்டு வருமானமே இந்தக் குடித்தனத்தைச் சார்ந்து நின்ற இடங்களும் உண்டு.

செஸ்ட்நட் மரம் ஜப்பானிலும் தெற்கு ஐரோப்பாவிலும் மலைக் கிராமங்களுக்குச் சோறு போட்ட மரம். சீனாவைத் தாயகமாகக் கொண்ட ட்ரையோகாஸ்மஸ் குரிஃபிலஸ் என்னும் கழலைக் குளவி 1941-இல் ஜப்பானில் தென்பட்டது. 2002-இல் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. இது மொட்டிலேயே முட்டையிடுவதால், தளிராகவும் பூவாகவும் வர வேண்டியது கழலையாகிப் போகிறது. மருந்தடித்துப் பயனில்லை, புழு மரத்துக்குள் இருக்கிறது. எதிர்ப்புத் திறனுள்ள மர வகைகளை ஜப்பானியர்கள் நட்டார்கள். சில ஆண்டுகளில் குளவி அவற்றையும் வென்றது. இறுதியில் சீனாவில் இந்தக் கழலைக்குள் இயல்பாகவே வாழ்ந்த டோரிமஸ் சினென்சிஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 1982-இல் விட்டார்கள். அங்கிருந்து பெற்று 2005-இல் இத்தாலியிலும் விட்டார்கள். இரண்டு நாடுகளிலும் சில ஆண்டுகளில் கழலைகள் குறைந்து மரங்கள் தேறின.

இதில் நாம் கற்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டோரிமஸ் ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். அதன் புழு குளிர்காலம் முழுவதும், கிளையிலேயே காய்ந்து கருத்துப்போன பழைய கழலைக்குள் இருக்கிறது. தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் காய்ந்த கழலைகளைக் கழித்து எரித்தால், சாவது பகைவன் அல்ல; அவன் முன் கோடையிலேயே பறந்துபோய்விட்டான். எரிவது நம் காவல்காரன். இத்தாலிய விவசாயிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவருவது விளையாட்டல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நாட்டு ஓக் மரங்களின் கழலைகளிலும் டோரிமஸ் இப்போது காணப்படுகிறது. அதை ஆய்வாளர்கள் கண்காணித்துவருகிறார்கள்.

நம்மிடம் கல்யாண முருங்கை என்றும் முள்முருங்கை என்றும் வழங்கும் மரத்தின் உறவினமான விலிவிலி, ஹவாய்த் தீவுகளின் சொந்த மரம். 2005-இல் கழலை உண்டாக்கும் ஒரு குளவி அங்கே நுழைந்ததும், இலையும் தளிரும் வீங்கிச் சுருண்டு மரங்கள் சாகத் தொடங்கின. ஆப்பிரிக்காவின் டான்சானியாவில் அதே கழலைக்குள் வாழும் யூரிடோமா எரித்ரைனே என்ற குளவியைத் தேடிக் கண்டுபிடித்து, பலவாறு சோதித்து, 2008 நவம்பரில் ஹவாயில் விட்டார்கள். அதன் ஒரு புழு தன் வளர்ச்சிக்குள் பல அறைகளைக் கடந்து ஒன்றுக்கு மேற்பட்ட கழலைப் புழுக்களைத் தின்கிறது. விலிவிலி மீண்டும் தளிர்த்தது. கழலை உண்டாக்கும் அந்தக் குளவி நம் நாட்டு முள்முருங்கையிலும் இருக்கிறது. மிளகுக்கொடி ஏற்ற அந்த மரத்தை வளர்ப்பவர்கள் அதை அறிவார்கள்.

இப்போது நெல் வயலுக்கு வருகிறேன். இங்கே வந்திருக்கும் உழவர்கள் ஆனைக்கொம்பனை அறியாதவர்கள் அல்ல. கொசுவளவு உள்ள அந்த ஈ இரவில் முட்டையிடும். பொரித்து வரும் புழு இலையுறையின் ஈரத்தில் ஊர்ந்து, தூரின் குருத்துக்குப் போய்ச் சேரும். அது அங்கே தின்னத் தொடங்கியதும் குருத்து இலையாக விரியாமல், உள்ளே வெறுமையான வெளிர் குழலாக நீண்டுவிடும். யானைத் தந்தம் போலவும் வெங்காயத் தாள் போலவும் நிற்கும் அந்தக் குழல்தான் கழலை. அந்தத் தூரில் கதிர் வராது. தூர் கட்டும் பருவத்தில் மேகமூட்டமும் ஈரமும் நீடித்தால் வயல் முழுவதும் இது பரவும்.

இந்தக் கழலைக்குள்ளும் குடித்தனம் உண்டு. பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்புக் குளவி. ஆனைக்கொம்பன் ஈயின் முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை வைத்துவிடுகிறது. ஈயின் புழு பொரித்து, ஊர்ந்து, குருத்தில் கழலையை எழுப்புகிறது; அதன் உடலுக்குள் குளவியின் குஞ்சுகளும் வளர்கின்றன. ஒன்றல்ல, பல. கடைசியில் ஈயின் புழு வெறும் தோலாகிறது. அந்தத் தோலுக்குள் குளவிகளின் கூட்டுப்புழுக்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கும். நியனஸ்டாடஸ் என்னும் வேறு குளவிகள் ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்குகின்றன.

மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குளவி குடிபுகுந்ததால் கழலையான தூர் மீண்டும் கதிர் விடாது. அது போனது போனதுதான். குளவி தடுப்பது அடுத்த தலைமுறை ஈயை. பெரும்பாலும் குளவிகளின் எண்ணிக்கை பருவத்தின் பிற்பகுதியில்தான் உயர்கிறது; அதற்குள் முதல் சேதம் முடிந்துவிடும். காலக்கணக்கை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். குளவி பருவத்தின் தொடக்கத்திலேயே வயலில் இருக்க வேண்டும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், குளவி குடிபுகுந்த கழலைகளைச் சேகரித்து, நடவு செய்த பத்தாம் நாளில் 10 சதுர மீட்டருக்கு ஒரு கழலை என்ற கணக்கில் வயலில் வைக்கப் பரிந்துரைக்கிறது. மருந்துப் புட்டியோ கருவியோ வேண்டாத பரிந்துரை இது. ஆனைக்கொம்பனைத் தாங்கும் நெல் வகைகளோடு சேர்த்துக் கடைப்பிடித்தால் இதன் பயன் கூடும்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஒரு செய்தி நம் வரப்புகளுக்கும் பொருந்தும். அங்கே நெல்லைத் தாக்குவது வேறோர் ஆனைக்கொம்பன் இனம். நம் வரகும் அங்கே களையாக வளரும் ஒரு புல்லும் ஒரே தாவர இனம். அந்தப் புல்லில் வேறோர் ஈ கழலை உண்டாக்குகிறது. அது நெல்லைத் தொடுவதில்லை. நெற்கழலையில் வாழும் ஒட்டுண்ணிக் குளவி வகைகள் அந்தப் புல்லின் கழலையிலும் காணப்படுகின்றன. நெல் இல்லாத வறண்ட மாதங்களில் அவற்றுக்கு அதுவே புகலிடமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வரப்பை மொட்டையடிக்கும் முன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம் மாவிலை, புங்கன், வாகை, வேலம் ஆகியவற்றின் கழலைகளுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஊர்வாரியாக, மாதவாரியாகப் பதிவுசெய்யும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒரு சீசா, ஒரு துண்டுத் துணி, பறித்த நாளும் இடமும் மரமும் எழுதிய ஒரு சீட்டு போதும். கழலையைப் பறித்தவுடன் சீட்டை எழுதிவிடுங்கள். சீட்டில்லாத சீசாவால் யாருக்கும் பயனில்லை. வெளியே வந்ததை மட்டும் எண்ணாமல், வராமல் உள்ளேயே இறந்துபோனதையும் அறுத்துப் பாருங்கள்.

உழவர் பெருமக்களே, வெங்காயத் தாள் தென்பட்டதும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வயலின் பல பக்கங்களிலிருந்தும் இருபது கழலைகளைப் பறித்து, நகத்தால் கீறிப் பாருங்கள். ஒற்றைப் புழு உயிரோடு நெளிகிறதா, அல்லது ஒரு தோலுக்குள் பல சிறு கூடுகள் அடைந்திருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கூடுகள் மிகுந்திருந்தால் அந்தக் கழலைகளைப் பிடுங்கி எரிக்காதீர்கள். அந்த நேரத்தில் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். புதிதாக நட்டிருக்கும் அண்டை வயல்காரருக்கு அவற்றில் கொஞ்சம் பறித்துக் கொடுங்கள்.